பினாங்கைச் சுற்றிக்காட்ட யாரைக் கூப்பிடுவது?

மதுரையிலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியா வருகிறாள். கிள்ளானில் எங்கள் வீட்டில் நான்கு நாள், பினாங்கில் ஒன்றரை நாள். அவள், அவள் கணவர், பத்து வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களை நடந்தே பார்க்கவேண்டும் என்பது அவள் ஆசை. கோயில், கடை, நல்ல சாப்பாடு என்பது மாமியாரின் ஆசை. "அக்கா, அங்கேதான் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, பிறகு எதற்குக் காசு கொடுத்து வழிகாட்டி?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இதுவரை அந்தத் தெருக்களைத் தனியாக ஒருமுறை, வழிகாட்டியோடு ஒருமுறை, உள்ளூர் நண்பர்களோடு இருமுறை நடந்திருக்கிறேன். நண்பர்களோடு போன இரண்டில் ஒன்று சுத்த வீண். ஆகவே அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. போனில் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அளவைப் புரிந்துகொள்ளவேண்டும். மலாக்காவோடு சேர்த்து 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி மொத்தமே 109 ஹெக்டேர்தான். கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து லெபோ ஆர்மேனியனுக்கு (லெபோ என்றால் மலாயில் தெரு) நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது. கடலோரத்தில் கட்டம் போட்டாற்போல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் தெருக்கள். வழி தவறிவிடுமோ என்ற பயத்துக்காக இங்கே யாருடைய துணையும் வேண்டாம். கூகுள் மேப் கூடத் தேவையில்லை. அப்படியானால் துணை எதற்கு என்பதுதான் யோசிக்கவேண்டியது.

தனியாகப் போனதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவருக்குத் தீவின் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் ஒரு கூட்டம். எனக்கு ஒரு பகல் பொழுது முழுவதும் கிடைத்தது. காலை ஏழு மணிக்கு லெபோ பாசாரில் நின்றேன். பினாங்குத் தமிழர்களுக்கு அது கடைத்தெரு. சாலைப் பலகை என்ன சொன்னாலும் பேச்சில் அந்தப் பெயர்தான். இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலேறுகின்றன. ஒரு மளிகைக் கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் மூட்டைகளின் வாயைத் திறந்து மடிக்கிறார்: மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய், ஏலம். பூக்கடையில் ஒருவர் வாழைநாரை வாயில் கடித்தபடி மல்லிகை தொடுக்கிறார். பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஒலிபெருக்கிப் பாட்டு ஒன்றையொன்று மிஞ்சும். நம் குரலே நமக்குக் கேட்காது. ஏழு மணிக்கு அந்தப் பூக்காரரின் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. அவசரப்படுத்த ஆளில்லாததால் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். கூட யாராவது இருந்திருந்தால் ஐந்தாவது நிமிடம் "போகலாமா?" என்று கேட்டிருப்பார்கள்.

தனியாகப் போகிறவருக்கு ஊரும் கொஞ்சம் உதவி வைத்திருக்கிறது. தெருமுனைகளில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் 52 இருக்கின்றன. அந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர், அங்கே என்ன தொழில் நடந்தது என்பதை நகைச்சுவையாகச் சொல்லிவிடுகின்றன. லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியங்கள் இன்னும் பிரபலம். நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரண்டு பிள்ளைகளை வரைந்திருக்கிறாரே, அது லெபோ ஆர்மேனியனில் இருக்கிறது. அங்கே படமெடுக்க வரிசையில் நிற்கவேண்டும். எனக்கு முன்னால் பதினேழு பேர். நான் நிற்கவில்லை.

தனியாகப் போனதன் குறை அன்று மாலை ஓட்டல் அறையில்தான் தெரிந்தது. லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சந்திக்கும் மூலையில் இருக்கும் நாகூர் தர்காவை இரண்டு முறை கடந்து போயிருக்கிறேன். பழைய கடை என்று நினைத்துவிட்டேன். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகக் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது அது. நாகூர் எனக்குத் தெரியும். என் பாட்டி வேண்டிக்கொண்ட இடம். அதன் நிழல் இங்கே விழுந்திருப்பது தெரியவில்லை, சொல்லவும் ஆளில்லை.

அடுத்த முறை திருநெல்வேலி உறவினர்கள் ஆறு பேர் வந்தார்கள், வழிகாட்டி அமர்த்தினோம். மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு அரசு உரிமம் வேண்டும். அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் நன்றாகத் தமிழ் பேசினார். லெபோ பந்தாயில், வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே எங்களை நிறுத்தி, "கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கிழக்கே கை காட்டினோம். "1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது கடல் உங்கள் காலடியில் இருந்தது. பந்தாய் என்றால் கடற்கரை அல்லவா? எதிரே தெரிகிற துறைமுகச் சாலையெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம்" என்றார். அந்த ஒரு கேள்விக்கே அவருக்குக் கொடுத்த காசு தகும். வரைபடத்தில் இரண்டு தெருவாகத் தெரிவது கரையும் கடலுமாக மாறிவிட்டது.

அதே வேகத்தில் வழிபாட்டுத் தலங்கள் நிறைந்த ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்ற புகழ்பெற்ற தெருவுக்குக் கூட்டிப்போனார். 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மாரியம்மன் கோயிலின் ராஜகோபுரம் லெபோ குவீனைப் பார்த்து நிற்கிறது, மற்றவற்றைப் பார்க்கும் தெருவுக்கு அதன் முதுகுதான் தெரியும் என்பதையும் அவரே காட்டினார். கூ என்ற சீனக் குலத்தாரின் மாளிகையான கூ கொங்சியின் கூரையில் ஏறியிருக்கும் பீங்கான் வேலைப்பாட்டை, 1901இல் அது எரிந்து 1906இல் மறுபடி எழுந்த கதையை, அவர் சொல்லாமல் நாங்கள் புரிந்துகொண்டிருக்க முடியாது.

குறை இல்லாமலில்லை. ஆறு பேரில் ஒருவருக்குக் கழிப்பறை வேண்டியிருந்தால் இருநூறு ஆண்டு வரலாறும் வாசலில் நின்று காத்திருக்கும். நடுவில் ஒரு கடைக்குள் அழைத்துப்போய்ச் சாதிக்காய்த் தைலம் தேய்த்துக்காட்டியதில் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. தைலம் நல்ல தைலம்தான். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பள்ளிவாசலில் செலவழித்திருக்கலாம். பள்ளிவாசலின் பெயர் வந்ததும் அவர் பேச்சு சட்டென்று வேகமெடுத்ததையும் கவனித்தேன். "கெலிங் என்றால் அந்தக் காலத்தில் இந்தியர்களைக் குறித்த சொல், வாருங்கள் போவோம்" என்று முடித்துக்கொண்டார். அந்தச் சொல் இன்று இந்த நாட்டில் எப்படி வலிக்கும் என்பது இங்கே வளர்ந்த எனக்குத் தெரியும். திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

இனி நண்பர்கள் விஷயம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன்.

முதலில் என்னைக் கூட்டிப்போனவள் என் பழைய அலுவலகத் தோழி. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, பக்கத்திலேயே அடுக்குமாடி வீடு. பிறந்து வளர்ந்தது எல்லாம் தீவில்தான். அன்புக்குக் குறைவே இல்லை. காரில் வந்து அழைத்துக்கொண்டாள், நேரே கடலோரத்துப் பெரிய பேரங்காடிக்குப் போனாள், அங்கிருந்து மலைக்கு. பழைய ஊருக்குள் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது. காரை நிறுத்த இடம் தேடி ஒரே சந்துக்குள் நான்கு முறை சுற்றினோம். கடைசியில் இறங்கியதும் அவள் என்னிடம், "அந்த சைக்கிள் படம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவள் அந்தத் தெருக்களுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கக்கூட இப்போது வருவதில்லையாம்.

அவளைக் குறை சொல்லமாட்டேன். ஜார்ஜ் டவுனைத் தெரிந்த யாரும் சொல்வார்கள்: அந்தப் பழைய வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் இப்போது அங்கே இல்லை. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றாமல் வைத்திருந்த கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. சொற்ப வாடகையில், ஒரு கடைவீட்டின் மாடியைத் தட்டி வைத்துப் பிரித்து, பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 2000 பிறந்ததும் வாடகையை முடிவு செய்வது வீட்டுச் சொந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. கட்ட முடியாதவர்கள் பாயான் பாருவுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கும் போனார்கள். காலியான வீடுகளில் சில பாழடைந்தன, சில விடுதியாயின, சில காப்பிக் கடையாயின. பினாங்கில் உங்களுக்கு நண்பர் இருக்கிறார் என்றால், அவர் அந்தத் தெருக்களுக்கு உங்களைப் போலவே வெளியாளாக இருக்க வாய்ப்பு அதிகம். கூப்பிடுவதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் யாராவது அங்கே குடியிருந்தார்களா, அல்லது இப்போது அங்கே வேலை செய்கிறார்களா?

இரண்டாவது முறை எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். கல்லூரித் தோழி ஒருத்தியின் அப்பா. எழுபது கடந்தவர், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், இப்போது பட்டர்வொர்த்தில் மகளோடு இருக்கிறார். அங்கிருந்து கடலைக் கடக்கும் பெரியில், அதாவது பயணிகள் படகில், வந்து இறங்கினார். பழைய இரண்டு தட்டுப் பெரிகள் 2021இல் ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குப் பயணம் பிடிக்கவில்லை, "காற்று இல்லாத பெரி என்னம்மா பெரி?" என்றார். வெள்ளைச் சட்டைப் பையில் சீப்பு, கையில் குடை. அவர் பின்னால் நானும் தோழியும் நடந்தோம்.

லெபோ குவீனிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சிறிய விடுதியாகிவிட்ட ஒரு கடைவீட்டின் முன் நின்றார். கதவு நிலையில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். வண்ணம் பூசியிருந்தாலும் ஒரு இடத்தில் விரல் நின்றது. "ஆணி. மாவிலைத் தோரணம் கட்ட என் அம்மா அடித்தது. பிடுங்க முடியாமல் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டார்கள்." வரவேற்பில் இருந்த சீனப் பெண்ணிடம் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து நின்று உள்ளே கை காட்டினாள். வீட்டின் நடுவே வானம் பார்க்கும் முற்றம். இப்போது அதில் வண்ண மீன்கள் நீந்தும் சிறு தொட்டி. "இங்கேதான் குளிப்போம். மாடியில் எட்டுக் குடும்பம். காலையில் வரிசை நிற்கும். யார் வாளி எது என்று சண்டை வரும்" என்றார். மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இவைகளுக்கு வரிசை இல்லை" என்றார்.

இதைச் சொல்ல எந்த வழிகாட்டியாலும் முடியாது. தனியாகப் போயிருந்தால் அந்த விடுதிக்குள் நுழைந்திருக்கவே மாட்டேன்.

அன்று முழுவதும் அப்படித்தான் கதவுகள் திறந்தன. லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகளைக் காட்டி, ஆளுக்கொரு சாய்வுப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதியதைக் கையால் வரைந்து காட்டினார். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீட்டு வாசலில், சிறு பிள்ளையாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து ரதத்தைப் பார்த்த இடத்தைக் காட்டினார். சாலையில் உடைத்த தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கி வந்து ஒரு வாரம் சட்னி அரைத்தார்களாம். நாசி கண்டார் என்ற சோறும் கறியுமான சாப்பாட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதைச் சோற்றுத் தட்டோடு விளக்கினார்: தோளில் காவடித்தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி. கண்டார் என்றால் அந்தத் தண்டு.

பள்ளிவாசல் முன்னால் நானே கேட்டேன், பெயரைப் பற்றி. அவர் தயங்கவில்லை. "அந்தச் சொல்லால் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு அடி வாங்கியவன் ஒருவன் இருக்கிறான். ஆனால் இந்தப் பலகையில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும். காதர் மைதீன் மரைக்காயர் நம் தமிழ்க்காரர், கப்பித்தான், அதாவது சமூகத் தலைவர். அவர் தொடங்கிய பள்ளி இது. பெயரை மாற்றினால் ஆளையும் சேர்த்து மறந்துவிடுவார்கள்." அவருடைய கருத்தோடு எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் அந்தத் தெருவில் நின்றுகொண்டு கேட்கவேண்டிய பேச்சு அது.

சரி, கணக்கின் மறுபக்கம். அவருக்கு ஆண்டுகள் தெரியாது. பள்ளிவாசலைக் கட்டக் கல் கொண்டுவந்தது பிரான்சிஸ் லைட் என்றார். லைட் இறந்து ஏழு ஆண்டு கழித்துத்தான் பள்ளிவாசலே தொடங்கியது. வழியில் அறிமுகமானவர்கள் நான்கு பேர் எதிர்ப்பட்டார்கள். ஒவ்வொருவரோடும் ஒரு தே தாரே, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். கூ கொங்சி, சீனக் குலத்தார் கடல்மேல் மரக்கால் ஊன்றிக் கட்டிய துறை வீடுகள், எதையும் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கை நடந்த ஐந்தாறு தெருக்களோடு ஊர் முடிந்துவிட்டது. சீனர்களின் ஜார்ஜ் டவுன் அவருக்குப் பக்கத்து வீடு. எட்டிப் பார்ப்பார், உள்ளே கூட்டிப்போகமாட்டார்.

அடுத்தது செலவு. வழிகாட்டிக்குக் கொடுக்கும் கட்டணம் பேசியபடி முடிந்துவிடும். நண்பர் இலவசம் என்று யார் சொன்னது? சாப்பாட்டுக் கடையில் நான் பையைத் திறப்பதற்குள், கை கழுவப் போவதாகச் சொல்லிப்போய்க் கல்லாவில் பணம் கட்டிவிட்டார் அவர். தேநீருக்கும் அவரே, செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்புக்கும் அவரே. ஓய்வூதியக்காரர். திரும்பக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு டின் முறுக்கு பட்டர்வொர்த்துக்குப் போகிறது. சந்தோஷமாகத்தான் அனுப்புகிறேன், ஆனால் அது கடன்தான். என் தங்கைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அவர் அவளுடைய நண்பர் இல்லை, என்னுடையவர். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவளுக்கு எப்போதும் ஒரு கை கழுத்திலேயே இருக்கும். இரவல் நட்பும் அப்படித்தான். அலுத்துப்போனால் "போதும், ஓட்டலுக்குப் போகிறோம்" என்று வழிகாட்டியிடம் சொல்லலாம். இவரிடம் சொல்ல முடியாது.

திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவைப் பற்றியும் தங்கை கேட்டாள். பினாங்கு திரிஷாவில் நாம் முன்னால் உட்காருவோம், ஓட்டுபவர் பின்னால் மிதிப்பார். தெரு நன்றாகத் தெரியும், அவர் சொல்வது காதில் விழாது. ஏறுவதற்கு முன் மணிக்கு எவ்வளவு ரிங்கிட் என்று பேசிக்கொண்டால் போதும். மாமியாரின் முழங்காலுக்கு நல்ல வழி; ஊரைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இவ்வளவையும் வைத்து அவளுக்கு நான் சொன்னது இது. கோலாலம்பூரிலிருந்து ரயில், பட்டர்வொர்த் வரை நான்கு மணி நேரம், அங்கிருந்து பெரி. பாலத்தில் காரில் போகாதே. கடல் வழியாக வந்தால்தான் அது துறைமுக ஊர் என்பது பையனுக்குப் புரியும். முதல் நாள் மாலை யாரும் வேண்டாம். மகா மாரியம்மன் கோயில் நடை திறந்திருக்கும் நேரம், மாமியாரை அங்கே கூட்டிப்போ. மறுநாள் காலை ஏழு மணிக்கு நீயும் உன் கணவரும் மட்டும் கடைத்தெருவில் நடந்து, அங்கேயே பசியாறுங்கள். ஒன்பதரைக்குத் தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவர், இரண்டரை மணி நேரத்துக்கு மட்டும். கடைக்கெல்லாம் வேண்டாம் என்று பேசும்போதே சொல்லிவிடு. பையனுக்குக் கடல் இருந்த இடத்தைக் காட்டச் சொல். கூ கொங்சியை விடாதே. மாமியார் அந்த நேரத்தில் திரிஷாவில் ஒரு சுற்று வந்துவிட்டு அறையில் படுத்திருக்கட்டும். நண்பகலிலிருந்து நான்கு வரை எல்லோரும் படுங்கள், அந்த வெயிலில் எந்தச் சுவரும் அழகாக இருக்காது.

மாலைக்குத்தான் தோழியின் அப்பா. அதுவும் "சுற்றிக்காட்டுங்கள்" என்று கேட்டால் பாவம், நாள் முழுவதையும் நமக்காக ஒதுக்கிவிடுவார். ஐந்து மணிக்கு ஒரு தேநீர் குடிக்க வரமுடியுமா என்று கேட்டால், இரண்டு தெரு தானாக நடப்பார். காலையில் வழிகாட்டியிடம் ஆண்டுகளைக் கேட்டுவிட்டால், மாலையில் அவர் ஆண்டைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தத் தோன்றாது; ஆணியைப் பார்க்கலாம். மதுரையிலிருந்து ஏதாவது கொண்டுவா, காசு மட்டும் நீட்டாதே என்றும் சொன்னேன்.

"அவர் வரமுடியாது என்றால்?" என்று கேட்டாள். வழிகாட்டியோடு முடித்துக்கொள். வேறு யாரையும் நான் உனக்காகக் கேட்கமாட்டேன். பாயான் லெப்பாஸ் தோழி கூப்பிட்டால் ஓடி வருவாள். ஆனால் நீ பேரங்காடியைத்தான் பார்ப்பாய்.

நேற்று அவருக்கே போன் செய்தேன். தேதியைக் கேட்டார், எத்தனை பேர் என்று கேட்டார், எந்த ஓட்டல் என்று கேட்டார். ஓட்டலின் பெயரைச் சொன்னதும், அது முன்பு அரிசிக் கிடங்கு என்றார். பிறகு, வருகிற அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார். செண்டோல் கடைப் பக்கம் போவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டுமாம்.